பட்டுப் புடவைக் கோளாறுகள்: கறை முதல் கறுத்த ஜரிகை வரை

ஃபால் தைக்க, குச்சு கட்ட, பாலீஷ் போட என்று எங்கள் கடைக்கு வரும் பட்டுப் புடவைகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு குறையோடுதான் வருகின்றன. கறை, கறுத்துப்போன ஜரிகை, மடிப்பில் கிழிசல், பீரோ வாடை என்று திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். கறையோடு வரும் புடவையால் பெரிய தொந்தரவு இல்லை. கறையைத் தேய்த்து, வெந்நீர் விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, எல்லாம் முடிந்தபின் கொண்டுவரும் புடவைதான் தலைவலி.

அதனால் கீழே எந்தக் கோளாறாக இருந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் உலர்ந்த வைத்தியம், அப்புறம் ஈரம், அதற்கும் அப்புறம் கடை. ஜரிகை மேல் பட்ட எதற்கும் நடுப்படியைத் தாண்டி நேராகக் கடைக்குப் போய்விடுங்கள்.

## கை வைக்கும் முன்: இது என்ன புடவை?

ஃபாலுக்கு அடியிலோ முந்தானை ஓரத்திலோ துருத்திக்கொண்டிருக்கும் இழை ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நசுங்கித் தூளானால் பட்டு. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். பாலியஸ்டர் என்றால் கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. சாதாரணமாகத் துவைத்து உடுத்துங்கள்.

ஜரிகைக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. ஒரு ஜரிகை இழையை வெள்ளைக் காகிதத்தில் வைத்து நகத்தால் சுரண்டினால் மேலே சுற்றியிருக்கும் மெல்லிய தகடு சுருள் சுருளாகப் பிரியும். அசல் ஜரிகையில் உள்ளே பட்டு நூல், அதன் மேல் வெள்ளித் தகடு, அதற்கும் மேல் தங்க முலாம். நூல் சிவப்பாக இருந்தால் அசல் என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். நூலுக்குச் சாயம் போடுவது யாருக்கும் கஷ்டமில்லை. தகட்டைப் பாருங்கள். முலாம் சுரண்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பு நிறம் தெரிந்தால் அது செம்பின் மேல் வெள்ளி பூசிய டெஸ்டட் ஜரிகையோ இமிட்டேஷனோதான். தகடே இல்லாமல் பளபளப்பான பிளாஸ்டிக் நாடா போலப் பிய்ந்து வந்தால் சொல்லவே வேண்டாம்.

சில்க் மார்க் சீட்டு இருக்கிறதே என்பார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-இல் வந்த அந்த முத்திரை, துணி அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

## கறை இப்போதுதான் பட்டது

கல்யாண மண்டபத்துப் பந்தியில் நடப்பது இது. பக்கத்தில் இருக்கும் அத்தை டம்ளர் தண்ணீரோடு பாய்வார். முதலில் அவரை நிறுத்துங்கள். பட்டில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் வட்டமாக ஓரம் கட்டும். கறை போனாலும் அந்த வளையம் போகாது.

நெய், எண்ணெய், வடை: தேய்க்காமல் டிஷ்யூ காகிதத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து ஒற்றுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தாராளமாகக் கொட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நிழல் தெரிந்தால் இன்னொரு முறை. புதிய எண்ணெய்க் கறை பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் ட்ரை வாஷ். எண்ணெய் அங்கே சுலபமாகக் கரையும்.

சாம்பார், ரசம்: இதில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்திருக்கின்றன. பருப்பைக் கரண்டியின் ஓரத்தால் வழித்து எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும். மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் ரத்தம் போல் ஆகிவிட்டது என்று பதறி ஓடி வருபவர்கள் உண்டு. ஒற்றி முடித்தபின் பவுடர், அப்புறம் கடை. வெளிர் நிறப் புடவையில் கடைசியாகத் தங்கும் லேசான மஞ்சள் நிழலுக்கு இளங்காலை வெயில் உதவும், மஞ்சள் வெளிச்சத்துக்குத் தாங்காது என்பதால். கறை உள்ள இடத்தை மட்டும் வெளியே விட்டு மீதியைத் துணியால் மூடிவிடுங்கள், ஏனென்றால் பட்டுச் சாயமும் வெயிலுக்குத் தாங்காது. அடர் நிறப் புடவையில் இதைச் செய்யாதீர்கள்.

பாயசம், ஜூஸ், கூல்டிரிங்க்: எனக்குத் தெரிந்து மிக மோசமான கறை இதுதான். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றும் இல்லை என்று மடித்து வைத்துவிடுவார்கள். இஸ்திரிப் பெட்டி பட்டதும் சர்க்கரை பழுப்பாகிவிடும். ட்ரை வாஷ் கொடுத்தும் போகவில்லை என்ற புகாரில் பாதி இதுதான். ட்ரை வாஷ் திரவம் எண்ணெயைக் கரைக்கும், சர்க்கரையைக் கரைக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும், அந்த இடத்தை மட்டும் தனியாகக் கையாள வேண்டும். எனவே கறை பட்ட இடத்தைச் சுற்றி வெள்ளை நூலால் நாலு தையல் தளர்வாகப் போட்டு அடையாளம் வைத்து, கடையில் "இங்கே பாயசம் பட்டது" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கும் தெரியாது.

குங்குமம், சந்தனம்: ஈரமே ஆகாது. இப்போது வரும் குங்குமத்தில் பலதில் செயற்கைச் சாயம் இருப்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உள்ளங்கை அகலத்துக்கு ஓடிவிடும். புடவையைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். ஒட்டியிருப்பதை செலோ டேப்பின் பசைப்பக்கத்தால் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். சந்தனம் முழுக்கக் காய்ந்தபின் உதிர்க்க வேண்டும்.

மெழுகு: பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம். கெட்டியானதும் நகத்தால் உடையும்.

நெயில் பாலீஷ், பேனா மை, வெற்றிலைச் சாறு: வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். எத்தனை நாளில் கடைக்குப் போகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

வீட்டிலேயே பெட்ரோலில் நனைத்து எடுக்கும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள் பெட்ரோல் வாஷ் என்று சொல்வதால் நாமே செய்யலாம் என்று தோன்றும். பட்டை உதறினாலே நிலைமின்சாரம் உண்டாகும். அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். வேண்டாம்.

## பீரோவிலிருந்து எடுத்தால் பழுப்புத் திட்டுகள்

எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இடுப்புச் செருகலில், தோளில், முந்தானை உரசும் இடத்தில் இருந்தால் வியர்வை. மடியிலும் முந்தானை நுனியிலும் இருந்தால் மேலே சொன்ன சர்க்கரைக் கறை. மடிப்புக் கோடு நெடுக ஒரே நேராக ஓடினால் அட்டைப்பெட்டியோ பழைய காகிதமோ சாயம் ஏற்றியிருக்கிறது. மூன்றுமே பழையதானால் வீட்டில் போகாது. நல்ல ட்ரை வாஷ் கடையில் கறை எடுக்கத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். "முயன்று பார்க்கிறோம், உத்தரவாதம் இல்லை" என்று சொல்லும் கடையை நம்பலாம். "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்பவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

பிளவுஸ் அக்குள் வேறு கதை. வியர்வையோடு டியோடரன்ட்டில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து பட்டு விறைத்து, நிறம் மாறி, ஒருநாள் கையைத் தூக்கும்போது பட்டென்று விட்டுப்போகும். நிறம் மட்டும் மாறியிருந்தால் லைனிங்கை மாற்றி, அக்குளில் கழற்றித் துவைக்கும் பருத்திப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். துணியே விறைத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். தையல்காரரிடம் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிவைத்திருந்தால்தான் அது நடக்கும். புது பிளவுஸ் தைக்கும்போதே அந்த வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கூலி கொடுத்த துணி, கூச்சமே வேண்டாம்.

## சாயம் இறங்கிவிட்டது

உடலையும் பார்டரையும் தனித்தனி இழையில் நெய்து கோத்த கோர்வைப் புடவையில் நடப்பது. அரக்கு பார்டரின் சாயம் சந்தன நிற உடலில் ஏறிவிடும்.

இன்னும் ஈரமாக இருந்தால் முதல் வேலை மடிப்பைப் பிரிப்பது. ஈரத்தோடு மடித்து வைத்த ஒவ்வொரு நிமிஷமும் சாயம் அடுத்த மடிப்புக்கு ஏறும். குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு அலசி, தண்ணீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள். முறுக்கிப் பிழியாமல் பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் விரித்துக் காய விடுங்கள். இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று தொடக் கூடாது.

காய்ந்துவிட்டதா? அதற்கு மேல் வீட்டு வைத்தியம் இல்லை. சாயம் எடுக்கும் பட்டறைக்காரர்கள் முயன்று பார்ப்பார்கள். வெற்றி கிடைக்காவிட்டால் முழுப் புடவைக்கும் அடர் நிறம் போட்டுத் தருவார்கள். ஜரிகை அதில் மங்கும் என்று தெரிந்தே கொடுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதைக் கேட்காத வீடு இல்லை. பட்டில் நிற்காத சாயத்தை உப்பு நிறுத்திவைக்காது. அதற்குப் பதில் முன்கூட்டிச் சோதியுங்கள். உள்முனையில், யாரும் பார்க்காத இடத்தில், ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைப் பார்டர் மேல் வைத்து ஒரு நிமிஷம் அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தப் புடவைக்கு ஆயுள் முழுக்க ட்ரை வாஷ்தான்.

ஏறாவிட்டால், ஜரிகை குறைவான சாதாரணப் பட்டை வீட்டில் அலசலாம். பூந்திக்கொட்டைத் தண்ணீர் அல்லது கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, குளிர்ந்த தண்ணீர், ஐந்தே நிமிஷம். சலவைத் தூள் வேண்டாம். பட்டு ஒரு புரதம். முட்டைக் கறையையும் ரத்தக் கறையையும் அரித்து எடுக்கும் என்சைம் அந்தத் தூளில் இருந்தால் பட்டையும் அரிக்கும். குளோரின் பிளீச் பட்டால் பட்டு கரைந்தே போகும்.

## ஜரிகை நிறம் மாறிவிட்டது

"ஜரிகை கறுத்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்த நிறத்துக்கு மாறியது என்று வெளிச்சத்தில் பாருங்கள், மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

சாம்பல், கறுப்பு: உள்ளே இருக்கும் வெள்ளி கறுத்திருக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பது போலத்தான், கந்தகமும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. யார் கொண்டுவந்து சேர்த்தது என்று தேடுங்கள். புடவையை உடுத்தியபின் சென்ட் அடித்தீர்களா? மடித்த புடவைக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்ததா? ரப்பரில் கந்தகம் உண்டு. பேண்ட் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு அப்படியே விழுந்திருக்கும். பாச்சை உருண்டை நேராக ஜரிகை மேல் உட்கார்ந்திருந்ததா? பிளாஸ்டிக் கவரில் வியர்வை ஈரத்தோடு அடைத்தீர்களா? காரணத்தை நீக்கினால் கறுப்பு மேலும் பரவாது. லேசாகத்தான் மங்கியிருக்கிறது என்றால் உலர்ந்த மல் துணியால் ஜரிகை ஓடும் போக்கிலேயே மெதுவாகத் துடையுங்கள். அவ்வளவுதான் வீட்டு வேலை.

புளி, பற்பசை, விபூதி, சோடா உப்பும் அலுமினியத் தாளும் எல்லாம் வெள்ளிப் பாத்திரத்துக்குச் சரி. வெள்ளிக் குத்துவிளக்குக்கு அடியில் பட்டு இல்லை. ஜரிகைக்கு அடியில் இருக்கிறது. வெந்நீரும் காரமும் பட்டைக் கெடுக்கும், தேய்த்தால் முலாம் போகும். ஜரிகை பாலீஷ் தெரிந்த கடையில் கொடுங்கள், முதலில் ஒரு விரல் அகலத்துக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளை: தங்க முலாம் தேய்ந்து வெள்ளி தெரிகிறது. இடுப்பிலும் கொசுவ மடிப்பிலும்தான் முதலில் தெரியும். இது கோளாறே இல்லை, தேய்மானம். ஜரிகை அசல் என்பதற்கு நல்ல அடையாளமும்கூட. திரும்ப முலாம் பூச வழியில்லை, உடுத்திக்கொண்டே இருங்கள்.

செம்பு நிறம்: வெள்ளிப் பூச்சு போய்ச் செம்பு வெளியே வந்துவிட்டது. டெஸ்டட் ஜரிகை. எந்தப் பாலீஷாலும் திரும்பாது. புடவையின் உடல் நன்றாக இருந்தால் பார்டரை வெட்டிவிட்டு வேறு பார்டர் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கூலி கணிசமாக ஆகும், ஆனாலும் புது புடவையைவிடக் குறைவு.

பச்சை: செம்பு களிம்பு ஏறியிருக்கிறது. ஈரத்தில் இருந்த புடவை. களிம்பு பக்கத்துத் துணியிலும் ஏறும், அதனால் மற்ற புடவைகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

## கிழிசல், இழை இழுப்பு

ஒரு இழை மட்டும் வளையமாக வெளியே நிற்கிறது. வளையலோ மெட்டியோ மாட்டியிருக்கும். வெட்டக் கூடாது, வெட்டினால் அங்கே ஓட்டை. மழுங்கிய ஊசியால் இழையை உள்பக்கம் தள்ளிவிட்டு, துணியை இரண்டு பக்கமும் லேசாக இழுத்துச் சமன் செய்யுங்கள்.

தோளில் ஊசி குத்திய ஓட்டை பெரிதாகிறது. பின்னின் சுருளுக்குள் துணி மாட்டித்தான் கிழிகிறது. பின்னில் ஒரு சின்ன மணியைக் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட்டால் துணி அங்கே போகாது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குத்தாமல், முந்தானை மடிப்பின் கீழ் அடுக்குகளையும் சேர்த்துக் குத்துங்கள்.

மடிப்பில் கோடு கோடாக விடுகிறது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்த புடவை. கனமான ஜரிகை மடிப்பில் பட்டை அறுக்கிறது. விரல் நீளம் வரை என்றால் டார்னிங் போடலாம், அதாவது இழை கோத்துக் கிழிசலை நிரப்பலாம். அதே புடவையின் உள்முனையிலிருந்து இழை எடுத்துப் போடுபவரைத் தேடுங்கள், அடையாளமே தெரியாது. நீளமாக விட்டிருந்தால் உள்ளே மெல்லிய நெட் வைத்துத் தைக்க வேண்டும். முடிவு செய்யும் முன் ஒரு சோதனை: கிழியாத இடத்தில் துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள். அங்கேயும் விட்டுக்கொடுத்தால் பட்டே மக்கிவிட்டது. தையலுக்குக் காசு போடாதீர்கள். தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழியும்.

பார்டரும் உடலும் சேரும் இடம் பிரிகிறது. கோர்வைப் புடவையில் பார்டர் இழையும் உடல் இழையும் தறியிலேயே ஒன்றோடொன்று கோத்து வந்தவை. சும்மா தையல் போட்டு இழுத்தால் சுருங்கும். காஞ்சிபுரத்துப் புடவையானால் நெசவாளர் வீட்டிலேயோ வாங்கிய கடையிலேயோ கேளுங்கள். பழுது பார்க்கிற ஆள் அவர்களுக்குத் தெரியும்.

மக்கத் தொடங்கிய புடவையை ரோல் பாலீஷுக்குக் கொடுக்காதீர்கள். உருளையில் மாட்டி இழுத்து, கஞ்சியும் ஆவியும் கொடுப்பார்கள். புதுப்புடவைக்கு அது அழகு. பாட்டி புடவை அதோடு போய்விடும். கையால் ஆவி இஸ்திரி போதும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

## வாடை, பூஞ்சை, பூச்சி

ஐப்பசி மழைக்குப் பிறகு கடையில் குவிவது இந்த ரகம்தான். பீரோ குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

வெறும் வாடை என்றால் காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டால் போதும். சென்ட் அடித்து மறைக்க வேண்டாம், ஜரிகை கறுக்கும். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த மென்பிரஷ்ஷால் தட்டுங்கள். உள்ளே வைத்துத் தட்டினால் மற்றத் துணிக்கும் போகும். அப்புறம் ட்ரை வாஷ். புள்ளி பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் தடம் முழுக்கப் போகாது.

சின்ன ஓட்டைகள், ஓரத்தில் அரித்த மாதிரி இருந்தால் பூச்சி. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். கஞ்சி போட்டுப் பாலீஷ் செய்த புடவையை அடுத்த கல்யாணம்வரை அப்படியே வைப்பது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான். பாலீஷை உடுத்துவதற்கு முந்தின வாரம் போடுங்கள், முன்கூட்டி வேண்டாம். பூச்சி இருக்கும் என்று சந்தேகப்பட்டால் புடவையை மல் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, டீப் ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வையுங்கள். எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் பனி ஈரம் துணியில் இறங்கும். பீரோவில் தொடர்ந்து பூச்சி வந்தால் பூச்சிமருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள், துணிகளை வெளியே எடுத்துவிட்டு.

வைக்கும்போது பழைய வெள்ளை வேட்டியோ மல் துணியோ சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். வசம்போ காய்ந்த வேப்பிலையோ சின்னத் துணிப்பையில் கட்டிப் பக்கத்தில் போடலாம். பாச்சை உருண்டை போட்டே ஆக வேண்டும் என்றால் துணியில் முடிந்து மூலையில் தொங்கவிடுங்கள், புடவை மேல் படாமல். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு உருண்டையில் உள்ள நாப்தலின் ரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும், குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. பீரோவில் உருண்டையோடு இருந்த பழைய பட்டில் குழந்தையைச் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

## கட்டினால் நிற்கவில்லை

கொசுவம் விரிந்து விசிறியாகிறது, முந்தானை வழுக்குகிறது என்றால் முதலில் உள்பாவாடையைப் பாருங்கள். சாட்டின் மேல் சாஃப்ட் சில்க் நிற்காது; பருத்தி போடுங்கள். அடுத்தது செருப்பு. போட்டுக்கொண்டு போகும் ஹீல்ஸைப் போட்டபின்தான் கட்ட ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் தெரியும். புதுப்புடவை பெட்டியிலிருந்து எடுத்த விறைப்போடு இருந்தால் முந்தின நாள் கொசுவத்தை மடித்து க்ளிப் போட்டு, உள்பக்கம் பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். தண்ணீர் தெளிக்காமல்.

பார்டர் அடியில் சுருங்கிச் சுருங்கி நின்றால் ஃபால்தான் குற்றவாளி. பருத்தி ஃபாலை நனைத்துக் காயவைக்காமல் அப்படியே தைத்திருப்பார்கள். முதல் ட்ரை வாஷில் தெரியாது, எப்போதோ தண்ணீர் பட்டதும் ஃபால் மட்டும் சுருங்கும். பிரித்து வேறு ஃபால் தைப்பதுதான் வழி, செலவு சின்னது. மெஷின் தையல் போட்டிருந்தாலும் இதே சுருக்கம் வரும். மேல்விளிம்பு கைத்தையலாக இருக்கட்டும்.

## கொடுத்துவிடலாம் என்று எடுத்தால் விலை போகவில்லை

இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று ஜரிகைக்காக எடைக்குப் போடுவது. அவர்கள் எரித்து வெள்ளியை எடுப்பார்கள். இன்னொன்று புடவையாகவே விற்பது, அல்லது பழைய புடவை எடுத்து விற்கும் கடையில் பங்குக்கு வைப்பது. நல்ல நிலையில் உள்ள புடவையை எடைக்குப் போடுவது நஷ்டம். மக்கிய புடவையைக் கடையில் தொங்கவிடுவது நேர விரயம். கட்டைவிரல் இழுப்புச் சோதனை இங்கேயும் முடிவு சொல்லும்.

எடைக்காரர் சொல்லும் விலை மிகக் குறைவாகத் தோன்றுகிறது. "தங்க ஜரிகை" என்ற பேச்சை நம்பித்தான் நாம் அதிகம் எதிர்பார்க்கிறோம். அசல் ஜரிகையிலேயே தங்கம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது, மதிப்பு வெள்ளியில்தான். மொத்தப் புடவை எடையில் பெரும்பங்கு பட்டு. இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அப்புறமும் குறைவாகத் தெரிந்தால் இன்னொரு இடத்தில் கேளுங்கள். எடை உங்கள் கண்முன், டிஜிட்டல் தராசில். உரைகல்லில் உரைப்பதையும் பார்க்க வேண்டும். பெரிய தொகை என்றால் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரேயால் உலோகத்தைச் சோதிக்கும்) இயந்திரம் வைத்திருக்கும் நகைச் சோதனை மையத்தில் ஒரு துண்டைக் காட்டி வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எழுதி வாங்கலாம். தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருபவரிடம் முழுப் புடவையை "சோதித்துவிட்டுத் தருகிறேன்" என்று அனுப்பாதீர்கள்.

கடையில் வைத்த புடவை மாதக்கணக்கில் போகவில்லை. முதலில் மோந்து பாருங்கள். பீரோ வாடை அடித்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். அடுத்து ஃபால்: அழுக்கு ஃபாலைப் பிரித்துவிட்டாலே புடவை நாலு வயது குறையும். பிறகு படம். மஞ்சள் விளக்கில் எடுத்தால் மாம்பழ நிறமும் அரக்கும் ஒன்றாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் உடல், பார்டர், முந்தானை என்று தனித்தனியாக எடுங்கள். குறை இருக்கும் இடத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், திரும்பி வரும் புடவை குறையும். கூடவே எழுத வேண்டியது: நீளம், பிளவுஸ் துணி இருக்கிறதா வெட்டியாயிற்றா, ஜரிகை என்ன ரகம். தெரியாவிட்டால் "சோதிக்கவில்லை" என்று எழுதுங்கள். அசல் என்று போட்டு வாங்கினவர் சுரண்டிப் பார்த்தால் வம்பு.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் விலைதான் காரணம். வாங்கிய விலையை மறந்துவிட்டு, அதே ரகம் அந்தக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

கடைக்காரரோடு தகராறு. வைப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் பங்கு எவ்வளவு, எத்தனை மாதம் வைப்பார்கள், விலையை உங்களைக் கேட்காமல் குறைக்கலாமா, ட்ரை வாஷ் செலவு யாருடையது, அங்கே கறை பட்டால் யார் பொறுப்பு, விற்ற எத்தனை நாளில் பணம். கொடுக்கும்போது நான்கு மூலையையும் முந்தானையையும் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். காகிதம் எழுதத் தயங்கும் கடையில் புடவையை வைக்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.